மீனம்மாள் வீட்டு நீல வயர்

சாம்சனைப் புதைத்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பியபோது, அவன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டு, ரூம்களுக்கு மேலே ஷீட்டு மாற்றியாயிற்றா என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தான். 2011ஆம் வருஷம், ஆடி மாதம். துக்கத்துக்கு வந்திருந்த ஏரிக்கரைத் தெரு ஆட்கள் அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். ஓடியவர்கள் யாரும் இல்லை. ஒருவர் போய் மீனம்மாளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். மீனம்மாள் வீட்டு இன்டர்நெட் ஒன்பது கம்ப்யூட்டர்களுக்குப் பிரிந்துகிடந்ததால் அவள் மகன் பதினோரு மாதம் பின்தங்கித்தான் வந்துகொண்டிருந்தான். அது தெருவுக்கு முன்பே தெரியும். தெரியாமல் இருந்தது, செத்த பிறகும் வருவானா என்பது மட்டும்தான். வந்தான்.

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டுக்குப் பின்புறம், ஏரிக் கலங்கலை ஒட்டி மீனம்மாளுக்குக் கொஞ்சம் நஞ்சை இருந்தது. கம்பெனிகளுக்கு எடுத்தபோது அதுவும் போனது. வந்த பணத்தில் அவள் புருஷன் வீட்டை ஒட்டி வரிசையாக எட்டு ரூம் கட்டி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு போட்டு, பின்னால் ரெண்டு பாத்ரூம் வைத்தான். வாடகைக்கு விட்ட முதல் மாதமே மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தான். ரூம்களுக்குத் தெற்கத்திப் பிள்ளைகள் வந்தார்கள். கோவில்பட்டி, சங்கரன்கோவில், சாத்தூர் என்று ஊர் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு பக்கெட், ஒரு பை. பாய் மட்டும் பொது. ஏ ஷிப்டுக்காரன் எழுந்துபோன சூட்டிலேயே சி ஷிப்டுக்காரன் வந்து படுப்பான். ஒரே ரூமில் ஆறு மாதம் இருந்தும் ஒருவன் முகத்தை இன்னொருவன் ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தான். கடைசி ரூமில் மூன்று பெண்கள் இருந்தார்கள். போன் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை. வந்தவுடன் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படுப்பார்கள், பேச மாட்டார்கள்.

சாம்சன் மீனம்மாளுக்கு ஒரே பிள்ளை. கதவுக்கு ரப்பர் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டில் இருந்தான். 2008 கடைசியில் ஆர்டர் குறைந்து ஆட்களைக் குறைத்தபோது அவனும் குறைந்தான். ஏஜென்ட் ஒருவர் மூலம் கத்தாருக்குச் சாரம் கட்டும் வேலைக்குக் கிளம்பினான். போவதற்கு முன்னால் ரிச்சி தெருவில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிவந்து, சேசு படத்துக்குக் கீழே மேசை போட்டு வைத்தான். டெலிபோன் ஆபீஸில் சொல்லி வீட்டு போன் லைனில் இன்டர்நெட் வாங்கினான். லைன்மேன் கோதண்டராமன் வந்து மாட்டிக் கொடுத்தார். மீனம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாம்சன் அவள் விரலைப் பிடித்து ஒரே ஒரு பொத்தானைக் காட்டினான். "இந்தப் பச்சப் புள்ளி எரிஞ்சா நான் கீறன்னு அர்த்தம். எரியலன்னா டூட்டில கீறன். அவ்ளோதாம்மா, ஆனை வித்தையா இது" என்றான். "ஆனையே பரவால்லடா, முன்னாடி நிக்கும்" என்றாள் அவள்.

முதல் வருஷம் சாம்சன் சுத்தமாக வந்தான். சாயங்காலம் டூட்டி முடிந்து, கேம்பில் இருந்த கம்ப்யூட்டர் ரூமில் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் உட்காருவான். நெற்றியில் ஹெல்மெட் பதிந்த கோடுகூடத் தெரியும். போனிலும் கூப்பிடுவான், ஆனால் போனில் பேசும்போது கார்டு தீரும் அவசரம்தான் அவன் குரலில் கேட்கும். கம்ப்யூட்டரில் அவன் சும்மா இருப்பதுகூட அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அவன் சும்மா இருப்பான், இவள் அரிசி புடைப்பாள்.

மூன்றாம் ரூம் அருள்பாண்டி அப்போது கண்ணாடிக் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தான். ஊரில் அவனுக்கு இருந்தது ஒரு தாய்மாமன். அவருக்கும் இவனுக்கும் பேச்சு இல்லை. அவன்தான் ஒருநாள் வாடகை கொடுக்க வந்தவன் மேசையைப் பார்த்துவிட்டு, "யம்மா, லைன் மாசம் பூரா ஓடுதுல்லா, நீங்க பேசுதது ஒரு மணி நேரம். மிச்சம் சும்மாதான போகுது? எங்களுக்கும் இழுத்துக்கிடுதோம், பில்லை எல்லாரும் சேர்ந்து கட்டிருவோம்" என்றான். மீனம்மாள் யோசிக்கவில்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரி மொள்ளத்தானே செய்வாள். அருள்பாண்டி பச்சை விளக்குகள் மினுக்கும் ஒரு சின்னப் பெட்டி வாங்கிவந்தான். ஹப் என்று அதற்குப் பெயர். அதிலிருந்து நீல வயர் புறப்பட்டு, ஷீட்டுக்கு மேலே துணிக்கொடியோடு சேர்ந்து ஓடி, ஜன்னல் ஜன்னலாக இறங்கியது. ஒவ்வொரு ரூமிலும் கூட்டாகக் காசு போட்டு ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினார்கள். ஐந்தாம் ரூம் மாரிராஜ், வயரை மாட்டிய அன்று, தன் ஊர்த் தேர்த் திருவிழாவை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் தன்னைத் தேடினான். இல்லை. அந்த வருஷம் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை என்பது பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

அந்த வாரமே சாம்சனின் உதடு முன்னாலும் குரல் பின்னாலும் வரத் தொடங்கின. ரெண்டு மாதத்தில், சாப்டியா என்று இவள் கேட்டால், அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வரும் நேரத்துக்குப் பதில் வந்தது. பெண்கள் ரூமுக்கு வயர் போனதும் அது ஒரு நாள் ஆனது. அருள்பாண்டி பயந்துபோய், அறுத்துவிடவா என்று கேட்டான். மீனம்மாள் வேண்டாம் என்றுவிட்டாள். வயர் வந்த பிறகு ரூம்களில் விளக்கு எரிந்தது, பிள்ளைகள் யாரோடோ பேசினார்கள், சிரிப்புச் சத்தம்கூட ஒன்றிரண்டு தடவை கேட்டது. "வந்துகினுதானே கீறான், மெதுவா வரட்டும். பஸ்ஸே சொன்ன டைமுக்கா வருது" என்றாள். கிறிஸ்துமஸ் வாழ்த்து தவக்காலத்தில் வந்தது. அவள் அன்று ஒரு கேக் வாங்கி, நோன்பு நாளில் தின்றதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துச் சாப்பிட்டாள்.

சாம்சனுக்கும் இது தெரிந்திருந்தது. அம்மா சொல்வதும் அவனுக்கு மாதக் கணக்கில் தாமதித்துத்தான் போனது. அதனால் அவன் பதிலுக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டான். தினமும் தன் முறை வந்ததும் உட்கார்ந்து, மனதில் இருப்பதைத் திரைக்குச் சொல்லிவிட்டு எழுந்துபோவான். நீ எப்போது கேட்டாலும் சரி என்று ஒருநாள் சொன்னான். கேம்பில் தண்ணீர் சுடுவதை, மணல் காற்றை, பக்கத்துப் பெர்த் கொம்பையாவின் குறட்டையை, நாற்பதாவது மாடியிலிருந்து பார்த்தால் கடல் துடைத்துப்போட்ட எவர்சில்வர் தட்டு மாதிரி இருப்பதைச் சொன்னான். சிலநாள் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். அந்தச் சும்மாவும் வயரில் வந்தது.

பிறகு ஒருநாள் காலையில் கொம்பையா போன் செய்தார். படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்றார். பெட்டி வந்து சேர்ந்தது, சர்ச்சுக்குப் பின்னால் புதைத்தார்கள், திரும்பி வந்தார்கள், சாம்சன் கேட்டான்: "யம்மா, மழைக்கு முன்னாடி ஷீட்ட மாத்திட்டியா? போன வருசம் மாரி ஒழுவப்போவுது."

லைன்மேன் கோதண்டராமனை அழைத்துவந்தார்கள். அவர் கம்பத்தில் ஏறிப் பார்த்தார், இறங்கி மோடத்தைப் பார்த்தார், டீ வாங்கிக் குடித்தார். ஃபால்ட் எதுவும் இல்லை என்றார். "அனுப்பிச்சது அனுப்பிச்சதுதான் பெரிம்மா. ஒரே ரோட்டுல ஒம்போது வண்டி, உன் வண்டி பின்னாடி நிக்குது. நின்னுக்கினு கீறது வந்துதானே ஆவணும்." அவன் உயிரோடு இருந்த கடைசி நாள் வரை பேசியது எல்லாம் லைனில் இருக்கிறது என்றும், மற்ற கம்ப்யூட்டர்கள் எவ்வளவு இழுக்கின்றனவோ அவ்வளவு மெதுவாக இது வரும் என்றும் விளக்கினார். கரண்ட் போனால் கவலையில்லை, எல்லாம் சேர்ந்து நிற்கும், பிள்ளையும் அப்படியே நிற்பான். மோடம் எரியும்போது இவளுடைய கம்ப்யூட்டரை மட்டும் அணைத்துவைத்தால், வார்த்தை வந்து பார்த்து, ஆளில்லாத வீடு என்று திரும்பிப் போய்விடும். மற்றவர்கள் எல்லோரும் அணைத்து இது மட்டும் எரிந்தால், மிச்சம் இருக்கிற அத்தனையும் ஒரே பொழுதில் வந்து தீர்ந்துவிடும். இதைச் சொல்லிவிட்டுக் கோதண்டராமன் அடுத்த கம்ப்ளெயின்டுக்குச் சைக்கிளில் போனார்.

மீனம்மாள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அன்று அருள்பாண்டிதான் ரூம் ரூமாகப் போனான். பதினோரு மாதப் பேச்சு இருக்கிறது, மெதுவாக வந்தால் அந்த அம்மாவின் ஆயுசுக்கும் காணும் என்றான். கம்பெனியில் மூன்று ஷிப்டு ஓடுவதுபோல இங்கேயும் ஓட்டினார்கள். டூட்டிக்குப் போகிறவன் கம்ப்யூட்டரை அணைக்காமல், எதையாவது இறக்கும்படி வைத்துவிட்டுப் போனான். வந்தவன் இன்னொன்றைப் போட்டான். மாரிராஜ் பார்க்காத படங்களை எல்லாம் இறக்கினான். பாஷை தெரியாத படங்களையும் இறக்கினான். "அண்ணாச்சி, படம் டவுன்லோடு பண்ணிப் புண்ணியம் சேக்கிற பய ஒலகத்துலயே நாந்தான் ஒருத்தன்" என்றான். "நீ பேசாம போடுல. புண்ணியத்தை எண்ணுனா கொறஞ்சிரும்" என்றான் அருள்பாண்டி. கடைசி ரூம் முத்துச்செல்வி தன் அக்கா கல்யாண வீடியோவைத் தினமும் புதிதாக இறக்கினாள். அவளுடைய ஊரில் இருந்து வேறு எதுவும் அவளுக்கு வரவில்லை.

சாம்சன் ஒரு வார்த்தை சொல்லி அடுத்த வார்த்தை சொல்வதற்குள் ஒரு வேளைச் சோறு ஆக்கி இறக்கலாம் என்று ஆனது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மீனம்மாள் கல்லறைக்குப் போய்ப் புல் பிடுங்கிவிட்டு வருவாள், வந்து மேசைக்கு எதிரே உட்காருவாள். அங்கே மண்ணுக்குக் கீழே இருப்பதும் இங்கே வந்துகொண்டிருப்பதும் அவளுக்கு ஒன்றோடொன்று இடிக்கவில்லை. அவளும் அவனோடு பேசினாள். கோழி அடைக்கு உட்கார்ந்ததை, புதுசாக ஷீட்டு போட்டதை, அவனுடைய குழியைச் சுற்றி வேலி போட்டதைச் சொன்னாள். ஒவ்வொரு பொழுதும் எழுந்துகொள்வதற்கு முன் சாப்டியாப்பா என்று கேட்டாள்.

2012இல் ஆயுத பூஜை செவ்வாய்க்கிழமை விழுந்தது. மற்ற வருஷங்களில் சனி ஞாயிறோடு சேர்த்துக்கொண்டு பிள்ளைகள் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள், கம்ப்யூட்டர்கள் தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இந்த வருஷம் நடு வாரம், யாரும் போகவில்லை. கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் ஸ்வீட் பாக்ஸும் கொடுத்து அனுப்பினார்கள். பூஜை போட்ட மெஷினை அன்று தொடக்கூடாது. அதுவும் மனுஷனைப்போல ஒருநாள் படுக்கவேண்டும். ரூமுக்கு வந்த பிள்ளைகள், கம்பெனி மெஷினுக்கு வைத்தோம், நம் மெஷினுக்கு வைக்கவில்லையே என்றார்கள். அருள்பாண்டியே சந்தனம் குழைத்தான். எட்டு ரூம் கம்ப்யூட்டர்களையும் அணைத்து, துடைத்து, குங்குமம் இட்டு, கீபோர்டுக்கு மேல் பொரி வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். ஹப்புக்கும் ஒரு பொட்டு வைத்தான். மூன்று ஷிப்டும் ஒன்றாக இருந்தது அந்த ஒருநாள்தான். அந்தச் சந்தோஷத்தில் எல்லோரும் சேர்ந்து குன்றத்தூர் மலைக்குப் போனார்கள். கம்ப்யூட்டரை அணைப்பது என்றால் என்ன என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. கருவிக்குச் செய்யும் மரியாதையில் தப்பு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

மீனம்மாள் சேசுவைக் கும்பிடுகிறவள். அவளுடைய கம்ப்யூட்டருக்குப் பூஜை இல்லை. அது எரிந்துகொண்டிருந்தது.

மத்தியானம் அவள் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சாம்சன் வேகமெடுத்தான். முதலில் நல்லபடியாக, முதல் வருஷத்தில் பேசியதுபோல, தெளிவாக ஒரு வாக்கியம் பேசினான். அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. பிறகு அந்த வாக்கியத்தின் மேல் அடுத்தது ஏறியது. சட்டை நீலமாகி வெள்ளையாகி மறுபடி நீலமானது. தாடி முளைத்தது, மழிந்தது, முளைத்தது. அவன் முதுகுக்குப் பின்னால் ஜன்னலுக்கு வெளியே மணல் காற்று வந்து அடங்கியது. மிளகாய் மில்லில் பெல்ட் அறுந்ததுபோல ஒரு சத்தம். அதற்குள் அங்கங்கே அம்மா என்ற சொல் மட்டும் தெறித்தது. அவள் எழுந்து திரையில் ரெண்டு கையையும் வைத்து அமுக்கிப் பிடித்தாள். "மெதுவாடா, மெதுவா, யாருடா உன்ன தொரத்துறா" என்றாள். சத்தம் கேட்டு முத்துச்செல்விதான் முதலில் ஓடிவந்தாள். கால் வலி என்று அவள் மட்டும் மலைக்குப் போகவில்லை. ஒரு கணம் பார்த்தாள், திரும்பி ஓடினாள், தன் ரூம் கம்ப்யூட்டரின் பொரியைத் தட்டிவிட்டு, பூஜை போட்ட மெஷினைத் தொடும் பாவத்தை முழுதாகத் தெரிந்தே பொத்தானை அமுக்கினாள். மற்ற ரூம்கள் பூட்டிக்கிடந்தன. அருள்பாண்டிக்குப் போன் போட்டாள். மலைப்படியில் பாதியிலிருந்து இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து எல்லோரும் வந்து, செருப்போடு உள்ளே ஓடி, குங்குமத்தோடு எட்டு கம்ப்யூட்டர்களும் எரிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

திரையில் சாம்சன் நின்றுவிட்டிருந்தான். முடி வெட்டியிருந்தான். அந்தச் சட்டையை மீனம்மாளுக்குத் தெரியும். பெட்டியோடு வந்த பையில் அது மேலாக இருந்தது. மிச்சம் இருப்பது அவனுடைய கடைசிச் சாயங்காலம் மட்டும்தான்.

அருள்பாண்டி வாசலில் உட்கார்ந்துவிட்டான். "தெரியாம செஞ்சிட்டம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நெற்றியில் மலைக்கோவில் விபூதி இன்னும் இருந்தது. மீனம்மாள் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். "நீ இன்னா பண்ணுவ. சாமி கும்புட்ட, தப்பா?" என்றவள், காலித் தம்ளரை வாங்கிக்கொண்டே, "மணல் காத்து அடிச்சப்போ கண்ண மூடிக்கினான் பாரு, அது நல்லா தெரிஞ்சிது" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலத்தை மூன்று வருஷத்துக்கு இழுத்தார்கள். ஒரு வார்த்தைக்கு மாதங்கள் ஆயின. ஒரு பொங்கலில் அவன் புறங்கையால் மூக்கைத் துடைக்கத் தொடங்கினான், சித்திரையில் துடைத்து முடித்தான். இதற்கிடையில் தெற்கத்திப் பிள்ளைகள் கையில் புதுப் போன்கள் வந்தன. அவரவர் போனிலேயே அவரவருக்கு இன்டர்நெட் வந்தது. யாருக்கும் நீல வயர் தேவைப்படவில்லை. போன் கம்பெனியில் வேலை நின்றது. முத்துச்செல்வி ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்தாள். மாரிராஜ் ஓசூருக்குப் போனான். போகிறவர்கள் கம்ப்யூட்டரை எடுத்துப்போகவில்லை. எதையாவது இறக்கும்படி வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, சாவியை மீனம்மாளிடம் கொடுத்தார்கள். மாரிராஜ் சாவி கொடுக்கும்போது, "யம்மா, நான் வைச்சிட்டுப் போற படம் பெரிய படம். முடியவே முடியாது" என்றான். அவன் சொன்ன ஒரே உண்மையான ஜோக் அதுதான். 2014 முடிவில் எட்டு ரூமில் ஆறு காலி. காலி ரூம்களுக்குள் விசிறிச் சத்தமும் வெளிச்சமும் இருந்தன. யாரும் பார்க்கப்போகாத படங்களும், யாரோ கேட்ட பாட்டுகளும், முத்துச்செல்வியின் அக்கா கல்யாணமும் இறங்கிக்கொண்டே இருந்தன. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தால் பாயில்லாத தரையில் நீல வெளிச்சம் ஒன்று மட்டும் படுத்திருக்கும். அருள்பாண்டி போகவில்லை. ஒரகடத்தில் நல்ல வேலைக்குக் கூப்பிட்டார்கள், அங்கேயே தங்கவேண்டும் என்றதால் மறுத்துவிட்டான். டூட்டி முடிந்து வந்ததும் ஒவ்வொரு ரூமாகத் திறந்து, நின்றுபோன கம்ப்யூட்டரை உசுப்பிவிடுவதே அவன் வேலையானது. ஹப்பை மூன்று தடவை மாற்றினான். அவனுடைய கம்ப்யூட்டரில் கடைசிவரை யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

சாம்சன் கடைசியாகச் சொல்லிக்கொண்டிருந்தது இது: "சரிம்மா, தூக்கம் கண்ண இய்க்குது. போய்ட்டு." போய்ட்டு என்பது 2015 தொடக்கத்தில் முழுதாக வந்து சேர்ந்தது. அடுத்தது என்ன என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். வீட்டைவிட்டுக் கிளம்பும் பிள்ளை வேறு என்ன சொல்லும்? வாயைத் திறந்தான். பங்குனி, வைகாசி, ஆடி என்று மாதங்கள் போயின. வாய் திறந்தபடியே இருந்தது. சொல் இன்னும் வந்து சேரவில்லை. கண்கள் பாதி மூடியிருந்தன. மீனம்மாள் தினமும் அதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். தனக்கு ஒரு வாய் போடும்போது அந்தத் திறந்த வாயைப் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

புரட்டாசிக் கடைசியில், மேசைத் துணியை மாற்றிக்கொண்டே, "பாண்டி, இந்த வாட்டி ஆயுத பூஜை எப்போ" என்று கேட்டாள்.

அருள்பாண்டிக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. "இங்க அதெல்லாம் கிடையாதும்மா. நிப்பாட்டியாச்சுல்லா."

"போடு இந்த வருசம்."

"யம்மா, இன்னும் ஒரே ஒரு சொல்லுதான் இருக்கு. அதையும் ரெண்டு வருசத்துக்கு இழுத்துருவேன், நான் பாத்துக்கிடுதேன்."

"இழுப்ப. தெரியும்" என்றாள் மீனம்மாள். "அவன் தூங்கப் போறன்னு சொல்லிக்கினு நிக்கிறான்டா. எம்மா நாளு வாய தொறந்துகினே நிப்பான் புள்ள? தாவாக்கட்டை வலிக்காது? நாள் பூரா சாரத்துல நின்னுட்டு வந்தவன்."

அருள்பாண்டி வெளியே போய்ப் பாத்ரூம் சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.

ஆயுத பூஜை அன்று அவன் லீவு போட்டான். எட்டு ரூமையும் கழுவிவிட்டு, சந்தனம் குழைத்து, முதல் ரூமிலிருந்து தொடங்கினான். ஒவ்வொன்றாகப் படங்கள் பாதியில் நின்றன. மாரிராஜின் முடியாத படமும் நின்றது. முத்துச்செல்வியின் அக்கா தாலிக்குக் குனிந்தபடி அணைந்தாள். கடைசியாகத் தன் ரூமுடையதை அணைத்தான். ரூம்களில் விசிறிச் சத்தம் அடங்கியதும், பல வருஷத்துக்குப் பிறகு ஏரிப்பக்கத் தவளைகள் கேட்டன. மீனம்மாள் சாம்சனுக்கு எதிரே, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அருள்பாண்டி சந்தனக் கிண்ணத்தோடு வாசலிலேயே நின்றான். "உள்ள வா, அவனும் உன்ன பாக்கட்டும்" என்றாள்.

சாம்சன், "வரேம்மா" என்றான். சாதாரணமாகச் சொன்னான். வாயை மூடினான். கொட்டாவி ஒன்று விட்டான், நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான், திரைக்கு வெளியே போனான். காலி நாற்காலி கொஞ்சம் ஆடி நின்றது. பச்சைப் புள்ளி அணைந்தது. "ம், படு" என்றாள் மீனம்மாள். பிறகு அருள்பாண்டி கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, சேசு படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தன் கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வைத்து, பொத்தானை அவளே அமுக்கினாள்.

மறுநாள் பழக்கத்தில் எல்லாக் கம்ப்யூட்டர்களையும், மீனம்மாளுடையதையும் போட்டான் அருள்பாண்டி. போடாமல் இருந்தால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த வாரம் மீனம்மாள் ரெண்டு தடவை உலையில் அரிசி போட மறந்து வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டாள். மேசைப்பக்கம் உட்காரும்போது நாற்காலியை முதுகுகாட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் கத்தாரிலிருந்து கொம்பையா போன் செய்தார். குரல் தயங்கியது. "யம்மா, நல்லாருக்கீயளா? ஒண்ணு சொல்லணும். இங்க கேம்பு கம்ப்யூட்டர் ரூம்ல நீங்க பேசிக்கிட்டே இருக்கீய. சாம்சன் உக்காந்த கம்ப்யூட்டர்ல. இப்பதான் கோழி அடை உக்காந்திருக்குன்னு சொல்லுதீய." நாலு வருஷமாக இவள் பேசியது அந்தப் பக்கம் இப்போதுதான் போய்க்கொண்டிருந்தது. சாம்சனுக்குப் பிறகு வந்த பையன்கள் டூட்டி முடிந்து வந்து அதற்கு முன்னால் உட்காருகிறார்கள் என்றார் கொம்பையா. பட்டுக்கோட்டைப் பையன், கொல்லம் பையன், பாஷையே தெரியாத நேபாளத்துப் பையன் ஒருவன். சாப்டியாப்பா என்று இவள் கேட்கும்போது ஒவ்வொருத்தனும் தன்னைத்தான் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்கிறானாம். சாம்சனின் குழியைப் பற்றி இவள் பேசியது ஏதாவது வந்தால் பையன்கள் பயந்துவிடுவார்களோ என்பதுதான் அவருக்குக் கவலை. "அவனுங்க இன்னா பதில் சொல்றானுங்க?" என்று மட்டும் மீனம்மாள் கேட்டாள். சொல்லுகிறார்கள், அது உங்களுக்கு வர நாளாகும் என்றார் அவர்.

அவள் நாற்காலியை மறுபடி திரையைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள்.

மீனம்மாள் வீட்டில் இப்போது ரூம்கள் நிரம்பிவிட்டன. ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தண்ணீர் உண்டு, கரண்டுக்குத் தனி, ரூமில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரை அணைக்கக்கூடாது, ஆயுத பூஜை அன்று மட்டும் எல்லாம் சேர்ந்து அணையும். இதற்கு ஒப்புக்கொள்கிறவர்களுக்கு அருள்பாண்டி சாவி கொடுக்கிறான். அந்த வருஷக் கடைசியில் மழை கொட்டி, ஏரி நிரம்பி, கரண்ட் இல்லாமல் கிடந்து, மறுபடி வந்த அன்று பச்சைப் புள்ளி எரிந்தது. பார்த்திராத ஒரு முகம். மீசை சரியாக முளைக்கவில்லை, நெற்றியில் ஹெல்மெட் கோடு. சாப்பிட்டேன்மா என்றான். மீனம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவனை நன்றாகப் பார்த்தாள். கன்னத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"பொய் சொல்லாத. எய்ந்து போய்த் துன்னுட்டு வா" என்றாள். அது போய்ச் சேர எத்தனை மாதம் ஆகும் என்று தெரியாது. அவள் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.